ஒரே கார்ட்டூன், பல பதிப்புகள்: பழைய டிவி ஸ்பெஷல் டிஸ்க்கில் உண்மையில் என்ன இருக்கிறது?

1964 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 'ருடால்ஃப் தி ரெட்-நோஸ்டு ரெயின்டீர்' என்ற ஒரு மணி நேர பொம்மைப் படம் முதன்முதலாக ஒளிபரப்பானது. மூக்கு சிவப்பாக ஒளிர்வதால் கூட்டத்தின் கேலிக்கு ஆளாகும் ஒரு கலைமான் குட்டியின் கதை. அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட விடாமல் அந்த நாட்டில் ஒளிபரப்பாகி வருகிறது. ஆனால் முதல் வருடம் குழந்தைகள் பார்த்த படமும் அடுத்த வருடம் பார்த்த படமும் ஒன்றல்ல. ஒரு பாட்டு மாறியது, ஒரு காட்சி காணாமல் போனது, முடிவே வேறாகிவிட்டது.

சரி, இன்று ஒருவர் 'ருடால்ஃப்' டிவிடி வாங்கினால் உள்ளே இருப்பது இவற்றில் எது? ஹோம் வீடியோ வெளியீடு என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி கிடையாது. கேசட்டோ டிஸ்க்கோ, அதைப் படத்தின் நகல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு பதிப்பு. எந்தப் பிரதியிலிருந்து எடுப்பது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது, நிறத்தை எப்படி வைப்பது என்று யாரோ சிலர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவுகள் தெரியாமல் டிஸ்க் வாங்கினால், நாம் தேடிய படம் உள்ளே இல்லாமலே போகலாம்.

முதலில், ஸ்பெஷல் என்றால் என்ன?

டிவி ஸ்பெஷல் என்பது தொடர் அல்ல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம் சேனல்கள் போடும் சிறப்பு நிகழ்ச்சி போல, பண்டிகைக்கென்றே எடுத்த தனி நிகழ்ச்சி. அரை மணி நேரம் அல்லது ஒரு மணி நேரம் ஓடும். நம் சிறப்பு நிகழ்ச்சி பெரும்பாலும் அந்த வருடத்தோடு முடிந்துவிடும். அமெரிக்க கார்ட்டூன் ஸ்பெஷல் வருடா வருடம் அதே பருவத்தில் திரும்பி வரும். 1962 டிசம்பரில் வந்த 'மிஸ்டர் மகூஸ் கிறிஸ்துமஸ் கேரல்'தான் அங்கே தொலைக்காட்சிக்கென்றே எடுத்த முதல் அனிமேஷன் கிறிஸ்துமஸ் ஸ்பெஷல். பிறகு 1964-இல் 'ருடால்ஃப்', 1965-இல் 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்', 1966-இல் சக் ஜோன்ஸ் இயக்கிய 'ஹவ் தி கிரிஞ்ச் ஸ்டோல் கிறிஸ்துமஸ்', 1969-இல் 'ஃப்ராஸ்டி தி ஸ்னோமேன்' என்று வரிசையாக வந்தன. அறுபதாண்டு கழித்தும் மக்கள் தேடுவது பெரும்பாலும் இந்தச் சில படங்களைத்தான்.

இவற்றுக்குப் பணம் போட்டவர்கள் விளம்பரதாரர்கள். 'ருடால்ஃப்'க்கு ஜெனரல் எலக்ட்ரிக், 'சார்லி பிரவு'னுக்கு கோகோ கோலா. அந்தக் காலத்தில் ஸ்பான்சரின் பெயர் படத்துக்கு வெளியே மட்டும் நிற்காது, படத்துக்குள்ளேயே வரும். அந்த ஒப்பந்தம் முடிந்ததும் பெயரை வெட்டியாக வேண்டும். வெட்டுவதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் நேரம். அறுபதுகளில் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் படம் மட்டும் சுமார் 52 நிமிடம் ஓடும், மிச்சம்தான் விளம்பரம். பின்னாளில் விளம்பரம் பெருகப் பெருக, அதே ஒரு மணி நேரத்தில் படத்துக்குக் கிடைத்தது 42, 44 நிமிடம் என்று சுருங்கிவிட்டது. படத்தின் நீளம் மாறவில்லை, ஒதுக்கிய இடம் குறைந்துவிட்டது. அதனால் இங்கே ஒரு வசனம், அங்கே ஒரு பாட்டின் பாதி என்று நறுக்கினார்கள். தொலைக்காட்சியில் மட்டும் பார்த்து வளர்ந்த பலருக்கு, தாங்கள் முழுப் படத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பதே தெரியாது.

ருடால்ஃபுக்கு என்ன நடந்தது?

இந்தப் படத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் பதிப்பு என்ற விஷயம் முழுவதும் இந்த ஒன்றிலேயே இருக்கிறது.

தயாரித்தவர்கள் ஆர்தர் ராங்கின், ஜூல்ஸ் பாஸ் இருவரும். அவர்களுடைய நிறுவனம் அப்போது வீடியோகிராஃப்ட் இன்டர்நேஷனல். பிறகு ராங்கின்/பாஸ் என்ற பெயரில் பிரபலமானது. கதையும் குரலும் பாட்டும் வட அமெரிக்காவில் தயாராயின. ஆனால் பொம்மைகளை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடித்தது ஜப்பானில், ததஹிதோ மோச்சினாகாவின் ஸ்டுடியோவில். அந்தக் கைவேலையின் அழகுதான் இந்தப் படத்தை இன்றும் பார்க்க வைக்கிறது என்பது என் எண்ணம்.

கதையில் 'பொருந்தாத பொம்மைகளின் தீவு' என்று ஓர் இடம் வரும். ஏதோ ஒரு குறை இருப்பதால் எந்தக் குழந்தைக்கும் வேண்டாத பொம்மைகள் அங்கே கிடக்கின்றன. சாண்டாவிடம் சொல்லி அவர்களுக்கு வீடு தேடித் தருவதாக ருடால்ஃப் வாக்குக் கொடுக்கிறான். 1964 பதிப்பில் அந்த வாக்கு நிறைவேறுவதைக் காட்டவில்லை. பார்த்தவர்களுக்கு மனம் ஆறவில்லை, கடிதங்கள் வந்தன. அடுத்த வருடமே சாண்டா அந்தத் தீவுக்கு வந்து பொம்மைகளை ஏற்றிக்கொண்டு போகும் காட்சியைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள்.

புதிய காட்சி சேர வேண்டுமென்றால் பழைய காட்சி ஏதாவது போக வேண்டும், நேரம் அவ்வளவுதானே. சுரங்கம் தேடித் திரியும் யூகான் கொர்னீலியஸ் என்பவன் படம் முழுக்க பாறை தோண்டும் கோடரியைத் தூக்கி எறிந்து, அதன் நுனியை நக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பான். கடைசியில் அவன் தேடியது கிடைக்கும்: பெப்பர்மின்ட் மிட்டாய்ச் சுரங்கம். 1965-இல் போனது இந்தக் காட்சிதான். விளைவு, ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பார்த்தவர்கள் அவன் தங்கத்தை நக்கிப் பார்க்கிறான் என்றே நினைத்தார்கள். தங்கத்தை யாராவது நக்கிப் பார்ப்பார்களா என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். ஒரு சின்னக் காட்சி போனதால் ஒரு கதாபாத்திரத்தின் செயலுக்கே அர்த்தம் போய்விட்டது.

அதே சமயத்தில் ருடால்ஃபும், பல் மருத்துவராக ஆசைப்படும் ஹெர்மி என்ற குள்ளனும் சேர்ந்து பாடும் 'வீ ஆர் எ கப்பிள் ஆஃப் மிஸ்ஃபிட்ஸ்' பாட்டை எடுத்துவிட்டு 'ஃபேம் அண்ட் ஃபார்ச்சூன்' என்ற வேறு பாட்டை வைத்தார்கள். தொலைக்காட்சியில் தொண்ணூறுகள் வரை அந்த இரண்டாவது பாட்டுதான் ஓடியது.

1998-இல் படத்தைச் செப்பனிட்டு வெளியிட்டபோது முதல் பாட்டு திரும்பி வந்தது. மிட்டாய்ச் சுரங்கமும் திரும்பி வந்தது. பொம்மைகளைக் காப்பாற்றும் காட்சியையும் விடவில்லை, அதை இனி எடுக்க யாருக்கு மனம் வரும்? அதன் பிறகு வந்த டிஸ்க்குகளில் இருப்பது பெரும்பாலும் இந்தக் கலவைதான். இது 1964 பதிப்பும் இல்லை, 1965 பதிப்பும் இல்லை. இரண்டிலும் இருந்த நல்லதைச் சேர்த்து பின்னாளில் உருவாக்கிய மூன்றாவது பதிப்பு. முதல் ஒளிபரப்பைப் பார்த்த எந்தக் குழந்தையும் இந்த வடிவத்தை அன்று பார்க்கவில்லை.

இதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கதையாக இதுதான் நிறைவான வடிவம். ஆனால் பெட்டியின் மேல் 'ஒரிஜினல்' என்று போட்டிருந்தால், அது எந்த வருடத்து ஒரிஜினல் என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

'சார்லி பிரவுன்' கதை இதைவிடச் சின்னது. 1965 டிசம்பர் 9 அன்று சிபிஎஸ்ஸில் வந்த முதல் ஒளிபரப்பில், பனியில் சறுக்கும் காட்சியில் ஸ்னூப்பி என்ற நாய் போர்வையால் சுழற்றி வீச, லைனஸ் என்ற சிறுவன் போய் ஒரு கோகோ கோலா பலகையில் மோதுவான். கடைசியில் எழுத்துகள் வரும்போதும் அந்த நிறுவனத்தின் பெயர் வரும். பிறகு இரண்டையும் நீக்கிவிட்டார்கள். இப்போது லைனஸ் பறந்து போவதோடு சரி. விளம்பரம்தானே, போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனாலும் பண்டிகை வியாபாரமாகிவிட்டதே என்று ஒரு சிறுவன் வருந்தும் கதைக்குள் ஒரு குளிர்பானப் பலகை இருந்தது என்பது, அந்தக் காலத்தைப் பற்றி நமக்கு நிறையச் சொல்கிறது. பனிமனிதன் கதையான 'ஃப்ராஸ்டி'யிலோ கேரன் என்ற சிறுமிக்கு முதலில் ஜூன் ஃபோரே குரல் கொடுத்திருந்தார். பிற்காலப் பதிப்புகளில் அந்த வேடத்துக்கு வேறொருவர் குரல்.

கேசட் வந்த பிறகு

சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-இல் வந்தது. ஜேவிசியின் விஎச்எஸ் அடுத்த வருடம் ஜப்பானிலும், 1977-இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதுவரை இந்த ஸ்பெஷல்களைப் பார்க்க வருடத்துக்கு ஒரே ஒரு வாய்ப்பு. அன்று காய்ச்சலில் படுத்துவிட்டால் அடுத்த டிசம்பர்தான். கேசட் அந்த நிலையை மாற்றியது. வீட்டில் பதிவு செய்வது சட்டப்படி சரியா என்று ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் வழக்குப் போட்டன. வேறொரு நேரத்தில் பார்ப்பதற்காக ஒருவர் தன் வீட்டில் பதிவு செய்துகொள்வது குற்றமில்லை என்று 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது.

அப்படி வீட்டில் பதிந்த கேசட்டுகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் பொன்போல மதிக்கிறார்கள். படம் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைய வெட்டு, அன்றைய விளம்பரம், நிகழ்ச்சிக்கு முன் சேனல் போட்ட அறிவிப்பு எல்லாம் அதில் அப்படியே இருக்கும். நிறுவனமே வெளியிட மறுத்த நிகழ்ச்சிகளும் இப்படித்தான் பிழைத்தன. 1978-இல் அமெரிக்காவில் ஒரே ஒரு முறை ஒளிபரப்பான 'ஸ்டார் வார்ஸ் ஹாலிடே ஸ்பெஷல்' முழுதாக இதுவரை அதிகாரபூர்வமாக வெளிவரவில்லை. அதற்குள் இருந்த கார்ட்டூன் பகுதி மட்டும் 2011-இல் ப்ளூ-ரேயிலும் 2021-இல் டிஸ்னி பிளஸ்ஸிலும் வந்தது. நாற்பது வருடங்களுக்கும் மேலாக முழு நிகழ்ச்சியை உயிரோடு வைத்திருந்தது ரசிகர்கள் கைமாற்றிக்கொண்ட கேசட்டுகள்தான்.

கடையில் விற்ற கேசட்டுக்கும், பிறகு வந்த டிவிடி, ப்ளூ-ரே டிஸ்க்குகளுக்கும் அடிப்படை 'மாஸ்டர்' என்று சொல்லும் மூலப் பிரதி. இந்தப் படங்களை எடுத்தது ஃபிலிமில். அந்த ஃபிலிம் நெகட்டிவைத் தேடி எடுத்து, சுத்தம் செய்து, புதிதாக ஸ்கேன் செய்தால் படம் பளிச்சென்று இருக்கும். செலவு அதிகம். தொலைக்காட்சிக்காக முன்பே வெட்டி வைத்திருந்த வீடியோ டேப்பை அப்படியே டிஸ்க்கில் ஏற்றினால் செலவு குறைவு, ஆனால் வெட்டும் சேர்ந்தே வரும். பெட்டி இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் நீளம். 25 நிமிடப் படத்தை மட்டும் ஒரு டிஸ்க்கில் போட்டால் வாங்குபவர் தயங்குவார். அதனால் கூடவே வேறொன்றைச் சேர்ப்பார்கள். 'கிரிஞ்ச்' டிஸ்க்கில் அதே சக் ஜோன்ஸ் 1970-இல் எடுத்த 'ஹார்ட்டன் ஹியர்ஸ் எ ஹூ' சேர்ந்து வருவது அப்படித்தான், நல்ல ஜோடி. 'ஃப்ராஸ்டி'யோடு 1992-இல் வந்த 'ஃப்ராஸ்டி ரிட்டர்ன்ஸ்' சேர்ந்து வந்ததை அவ்வளவு நல்ல ஜோடி என்று சொல்ல முடியாது. அதை எடுத்தவர்கள் வேறு, பனிமனிதனின் உருவமும் வேறு, குரலும் வேறு.

ஏன் எல்லாம் ஒரே பெட்டியில் இல்லை?

'ஃப்ராஸ்டி'யின் உண்மையான இரண்டாம் பாகம் 1976-இல் ராங்கின்/பாஸ் எடுத்த 'ஃப்ராஸ்டிஸ் வின்டர் வொண்டர்லேண்ட்'. அதை முதல் பாகத்தோடு சேர்க்காமல் வேறெதையோ ஏன் சேர்க்க வேண்டும்? காரணம் உரிமை. ராங்கின்/பாஸ் படங்கள் 1974-ஐ எல்லையாக வைத்து இரண்டாகப் பிரிந்துவிட்டன. அதற்கு முந்தியவை, அதாவது 'ருடால்ஃப்', 'ஃப்ராஸ்டி', 1970-இல் வந்த 'சாண்டா கிளாஸ் இஸ் கமின் டு டவுன்' போன்றவை, பல கைகள் மாறி கிளாசிக் மீடியாவிடமும், அங்கிருந்து ட்ரீம்வொர்க்ஸிடமும், கடைசியில் யுனிவர்சல் குழுமத்திடமும் வந்து சேர்ந்தன. 1974 செப்டம்பருக்குப் பிந்தியவை டெலிபிக்சர்ஸ், லோரிமார் வழியாக வார்னர் பிரதர்ஸிடம் போயின. அதனால் ஒரே பனிமனிதனின் முதல் கதை ஒரு நிறுவனத்தின் பெட்டியில், இரண்டாவது கதை போட்டி நிறுவனத்தின் பெட்டியில். ருடால்ஃபுக்கும் இதே நிலைமை: 1976-இல் வந்த 'ருடால்ஃப்ஸ் ஷைனி நியூ இயர்' வார்னரிடம் இருக்கிறது.

'கிரிஞ்ச்' எம்ஜிஎம் எடுத்தது. 1986-இல் எம்ஜிஎம்மின் பழைய படங்கள் டெட் டர்னரின் நிறுவனத்துக்குப் போயின. 1996-இல் அந்த நிறுவனம் டைம் வார்னரோடு இணைந்தது. பழைய கேசட்டில் ஒரு நிறுவனத்தின் முத்திரையும் புதிய டிஸ்க்கில் வேறொன்றின் முத்திரையும் இருப்பதைப் பார்த்து போலி என்று பயப்பட வேண்டாம், படம் கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

படத்தைக் கெடுக்கும் செப்பனிடல்

செப்பனிட்ட பதிப்பு என்றாலே நல்லது என்று நினைக்கக் கூடாது. பழைய ஃபிலிமில் தூசியும் கீறலும் இருக்கும். அவற்றை நீக்க ஒரு மென்பொருளை ஓட்டுவார்கள். ஒரு ஃபிரேமில் இருந்து அடுத்த ஃபிரேமில் இல்லாத மெல்லிய கறுப்புக் கோட்டைக் கண்டால், அதைக் கீறல் என்று எண்ணி அந்த மென்பொருள் அழித்துவிடும். சாதாரணப் படத்தில் இதனால் பெரிய நஷ்டமில்லை. கையால் வரைந்த கார்ட்டூனில் கோடுதான் உயிர். வேகமாக ஆடும் கையின் விளிம்புக் கோடு பாதியில் மறைந்துவிடும், முகத்தின் சின்னச் சுளிப்பு கரைந்துவிடும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இந்தச் சேதம் தெளிவாகத் தெரியும். ஓவியர் இழைத்து இழைத்து வரைந்த கோட்டை ஒரு மென்பொருள் குப்பை என்று தள்ளுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. கொஞ்சம் தூசி இருந்தாலும் பரவாயில்லை, கோடு இருக்க வேண்டும்.

அடுத்து படத்தின் வடிவம். அன்றைய டிவி திரை 4-க்கு 3 என்ற அளவில் இருந்தது. படங்களும் அந்த அளவுக்கே வரையப்பட்டன. இன்றைய அகலத் திரையில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதுதான் சரி. பட்டை பிடிக்காதே என்று படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்பினால், மேலும் கீழுமாக உயரத்தில் கால் பங்கு போய்விடும். சாண்டாவின் தொப்பியும் குழந்தைகளின் காலும் திரைக்கு வெளியே நிற்கும்.

ஸ்ட்ரீமிங் இருக்கும்போது டிஸ்க் எதற்கு?

'சார்லி பிரவுன்' இதற்கு நல்ல பதில். முதலில் சிபிஎஸ்ஸிலும் 2001 முதல் ஏபிசியிலும் யாரும் காசு கொடுக்காமல் பார்த்துவந்த படம் அது. 2020-இல் உரிமை ஆப்பிள் டிவி பிளஸ்ஸுக்குப் போனது. மக்கள் கொதித்துப்போனார்கள். அதனால் அந்த வருடமும் அடுத்த வருடமும் பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சியில் ஒருமுறை காட்ட ஏற்பாடு நடந்தது; 2022-இல் அதுவும் இல்லை. ஆப்பிள் சில நாள்கள் மட்டும் சந்தா இல்லாமல் பார்க்கவிட்டது. ஐம்பத்தைந்து வருடப் பழக்கம் ஓர் ஒப்பந்தத்தில் முடிந்துவிட்டது. வீட்டில் டிஸ்க் வைத்திருந்தவர்களை மட்டும் இது தொடவே இல்லை.

டிஸ்க் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், பெட்டியின் முன்பக்கத்தைவிட பின்பக்கத்தைப் படியுங்கள். ஓடும் நேரம் எவ்வளவு? 'ருடால்ஃப்'க்கு 50 நிமிடத்துக்கு மேல், 'சார்லி பிரவு'னுக்கு 25 நிமிடம் அளவில் இருக்க வேண்டும். மிகக் குறைந்திருந்தால் வெட்டிய பிரதியாக இருக்கலாம். ஐரோப்பாவில் வெளியான, 'பால்' (PAL) என்ற வீடியோ முறையில் அமைந்த டிவிடியில் மட்டும் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபிலிம் வினாடிக்கு 24 ஃபிரேம். பால் முறையில் 25 ஆக ஓடும். அதனால் 25 நிமிடப் படம் எதுவும் வெட்டாமலே 24 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் கொஞ்சம் மெல்லியதாகக் கேட்கலாம். அப்புறம், படத்தின் அளவு 4-க்கு 3 அல்லது 1.33 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக மண்டல எண், அதாவது டிஸ்க் எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் எண். இந்தப் படங்களின் நல்ல பதிப்புகள் பெரும்பாலும் அமெரிக்காவில்தான் வருகின்றன. அமெரிக்கா, கனடா டிவிடிகள் மண்டலம் 1, இந்தியாவும் இலங்கையும் மண்டலம் 5, சிங்கப்பூர், மலேசியா 3, பிரிட்டன் 2. ப்ளூ-ரேயில் கணக்கு வேறு: அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ; பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் பி; இந்தியாவும் இலங்கையும் சி. எனவே டொரன்டோவில் இருக்கும் சித்தப்பா வாங்கி அனுப்பும் டிவிடி சென்னையில் உள்ள பிளேயரில் ஓடாமல் போகலாம். எல்லா மண்டலத்தையும் ஏற்கும் பிளேயர் வேண்டும். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு மட்டும் மண்டலப் பூட்டு கிடையாது. 'சார்லி பிரவுன்' 2017-இல் அந்த வடிவத்தில் வந்திருக்கிறது. 4கே பிளேயர் வைத்திருப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதைப் போட்டுப் பார்க்கலாம். அதே பெட்டியில் கூட வரும் ப்ளூ-ரே டிஸ்க்கை வாங்கும் முன் மட்டும் மண்டல எழுத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.